கர்சூ குளத்து ஆட்டக்காரர்கள்

விளையாட்டுகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றவர்களின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறதோ அந்த அலமாரிக்கு உரியவர்களின் பெயர்களும், அவர்கள் போட்ட கோல்களும், அவர்களை மாலையிட்டு அழைத்துச் சென்ற ஊர்வலங்களும் அச்சேறுகின்றனவே தவிர, எந்தக் கோப்பையும் கிட்டாமல், கிட்டும் என்ற எண்ணமும் இல்லாமல், பகலெல்லாம் ஆபீசிலும் பட்டறையிலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்துவிட்டு, அதிகாலையிலோ அந்தியிலோ ஒரு மைதானத்தை நாடிச் சென்ற எண்ணற்றவர்களின் கதை எங்கும் பதிவாவதில்லை. 2008 செப்டம்பரில், குளிர்கால ஒலிம்பிக்கிற்கான தகுதிப் பந்தயங்களில் ஒன்று லாட்வியா நாட்டின் லீபாயா நகரில் நடந்தது. அதில் பல்கேரிய நாட்டுப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஸ்லோவாக்கியாவிடம் 82–0 என்ற கணக்கில் தோற்றது. ஐஸ் ஹாக்கி 20 நிமிஷங்கள் வீதம் மூன்று பகுதிகளாக, மொத்தம் 60 நிமிஷங்கள் ஆடப்படுவது. ஆகவே ஏறக்குறைய முக்கால் நிமிஷத்திற்கு ஒரு கோல் என்று அன்று அந்தப் பெண்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டித் தொடரில் ஆடிய நான்கு பந்தயங்களிலும் தோற்று, மொத்தம் 192 கோல்களை வாங்கிய அவ்வணி, தன் பங்கிற்குப் போட்டது ஒரே ஒரு கோல்.

உலகத்துப் பத்திரிகைகள் இதை ஒரு விசித்திரச் செய்தியாகப் போட்டு மறந்தன. எனக்கோ அந்த ஒரு கோல் நெஞ்சை விட்டு அகலாத விஷயமாக இருந்து வருகிறது. அந்தப் பெண்கள் முதல் நாளோ இரண்டாம் நாளோ உடம்புக்கு முடியவில்லையென்று சொல்லி ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நான்கு பந்தயங்களுக்கும் அவர்கள் காலணி கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பல்கேரியா 1960-ல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்து, 1976-ல் இன்ஸ்புரூக் ஒலிம்பிக் வரை ஆண்கள் அணியை அனுப்பிய நாடு. அங்கும் அவர்களுக்கு ஒரு வெற்றியும் கிட்டவில்லை. அப்படியிருந்தும் சோபியா நகரத்தில் கிளப்புகள் தோன்றுவதும் கலைவதும் மறுபடி கூடுவதுமாக அந்த ஆட்டம் தொடர்ந்து வருகிறது. வெற்றியினால் மட்டும் ஒரு விளையாட்டு உயிர் வாழ்வதாயிருந்தால், இந்நேரம் அது அங்கே மடிந்து போயிருக்க வேண்டும். அது எதனால் பிழைத்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடப் பல்கேரியாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தேசத்திலேயே, லடாக்கில், அதே ஆட்டம் வறுமையில் வளர்ந்த வரலாறு இருக்கிறது.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில், மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீலமாக நிற்க, படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் பஸ் மாறும் ஊராகிய சந்தவாசலில் இருந்துகொண்டு ஐஸ் ஹாக்கியைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். இங்கே ஐஸ் என்றால், தொழிற்சாலையிலிருந்து சாக்குச் சுற்றி, மரத்தூள் தூவி, காலையில் வண்டியில் வந்து இறங்கும் பாளம்தான். சர்பத் கடைக்காரர் அதன் மேல் ஓர் ஆணியை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்து, சில்லுகளை அலுமினியப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு, மிச்சத்தை மறுபடி சாக்குக்குள் பொதிந்து வைக்கிறார். சித்திரை மாதத்து வெயிலில் நடுப்பகலுக்குள் அது பாதியாய்க் கரைந்து, மரத்தூளின் வழியாகச் சாக்கடைக்குள் இறங்கிவிடுகிறது. இத்தகைய ஊருக்கும், ஜனவரி இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி வரைக்கும் இறங்கும் லடாக்கின் லே நகரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, அதுவும் இரண்டு வழியில். ஜவ்வாது மலையின் மறுபுறத்தில், காவலூரில், வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தை நோக்கிக் கொண்டிருக்கிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிலையமே லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2000-ஆம் ஆண்டு மற்றொரு தொலைநோக்கிக்குக் கண் திறந்தது. ஆகவே எங்கள் மலையில் நட்சத்திரம் பார்க்கப் பழகியவர்கள் அந்த மலைக்கும் போய் வருகிறார்கள். மற்றொரு பந்தம் இன்னும் நெருக்கமானது. பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி வந்தவை. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைச் சுற்றுவட்டாரத்தில் ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள். போளூர், ஆரணி, கண்ணமங்கலம் பக்கத்தில் எந்தத் தெருவிலும், லேயிலோ கார்கிலிலோ குளிர்காலம் கழித்த ஒருவரையாவது பார்த்துவிடலாம். லடாக்கில் ஐஸ் ஹாக்கி வேரூன்றியதும் ராணுவத்தின் மூலமாகவே என்பதை நினைக்கும்போது, அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் ஒரு சில ஏடுகளாவது நம்மவர்களின் ஞாபகத்தில் இருக்கக்கூடும் என்று நம்ப இடமிருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் லே நகரத்துக் கர்சூ குளம் உறைந்து கிடக்கும் மாதங்களில், லடாக் ஸ்கௌட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஜவான்கள் அதன்மேல் சறுக்கி ஆடத் தொடங்கினார்கள். 1962-ல் சீனத்துடன் நடந்த யுத்தத்துக்குப் பிறகு, அந்த மண்ணின் மக்களைக் கொண்டே எல்லையைக் காக்க வேண்டுமென்று அமைக்கப்பட்ட படை அது. குளிரும் உயரமும் அவர்களுக்குப் பிறவிச் சொத்து. ஆட்டத்திற்கான கருவிகள் மட்டும் எவரிடமும் இல்லை. ராணுவப் பூட்சின் அடியில் உள்ளூர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டார்கள். கோல்கீப்பர், கிரிக்கெட் ஆடுகிறவர் கட்டும் கால்கவசத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு, பழக்கப்பட்டவர் அடித்தால் மோட்டார் வண்டியின் வேகத்தில் பாய்ந்து வருவது. அதன் எதிரே கிரிக்கெட் கால்கவசத்தோடு நிற்பதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அந்தப் பிரதேசத்து ஜனங்கள் இந்த ஆட்டத்தை அவ்வளவு சீக்கிரம் சுவீகரித்துக்கொண்டதற்குக் காரணங்கள் இருந்தன. குதிரைமேல் அமர்ந்து மட்டையால் பந்தடிக்கும் போலோ, லடாக்கியருக்கும் அண்டையிலுள்ள பால்ட்டி மக்களுக்கும் பரம்பரையாகப் பழகியது; ஓடுகிற பொருளை ஓடிக்கொண்டே மட்டையால் திருப்புகிற சாமர்த்தியம் அவர்கள் கையில் முன்பே இருந்தது. இதைவிட முக்கியமான காரணம் குளிர்காலத்தின் ஓய்வு. அந்நாட்களில் பனி விழுந்து ஜோஜி கணவாய் அடைபட்டால் ஸ்ரீநகர் சாலை மூடிவிடும். மணாலிச் சாலையும் அவ்வாறே. நிலம் கல்லாய் இறுகிக் கிடக்கும், பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை, வெளியூர்ப் பயணிகள் ஒருவரும் இல்லை, கோடையில் இரவு பகலாய் ஓடிய வாடகைக் கார்கள் கொட்டகையில் நிற்கும். வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, செய்ய வேலையற்று, வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு சமூகத்துக்கு, எந்தக் குளிர் தங்களைச் சிறைவைத்ததோ அந்தக் குளிரையே மைதானமாக்கிக்கொள்ளும் வழி ஒன்று கிடைத்தது. விளையாட்டு என்பது உபரி நேரத்தின் குழந்தை என்று சொல்லுவார்கள்; லடாக்கில் அது நிர்ப்பந்தமான உபரி நேரத்தின் குழந்தை.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்று வாழும் ஒரு முன்னாள் ராணுவத்தினர், பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டவர், லாரி ஓட்டியாக லேயில் பணிபுரிந்த நாட்களில் அந்தக் குளத்தைப் பார்த்திருக்கிறார். அவர் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முந்திய இரவைப் பற்றித்தான் சொன்னார். “நம்ம ஊர்ல தண்ணிய ஊத்துனா மண்ணு குடிச்சிடும் சார். அங்க ஊத்தனது ஊத்தன எடத்துலயே நின்னுடும். ராத்திரி பூரா பசங்க ஊத்துவாங்க. மொத்தமா ஊத்தக்கூடாதுன்னு ஒருத்தரு அதட்டிக்கினே நிப்பாரு. மேல மட்டும் கெட்டியாயி அடியில பொந்து விழுந்துடும், காலு வெச்சா படக்குனு உட்டுடும். தோசை மேல தோசை வெச்சாப்புல, மெல்லிசா மெல்லிசா ஊத்தணும்.” அதட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதர் யாரென்று கேட்டேன். “யாருக்குத் தெரியும் சார், ஊர்க்காரரு” என்றார்.

இந்தத் தண்ணீர் ஊற்றும் வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இயற்கையாக உறையும் தளத்தில் ஆடும் கிளப்புகளின் ஜீவன் அதில்தான் இருக்கிறது. முதலில் தளத்தின் மேல் விழுந்திருக்கும் பனியைத் துடைப்பத்தாலும் மண்வாரியாலும் முழுவதும் அகற்ற வேண்டும். பனித்தூள் கலந்த இடத்தில் ஐஸ் வெண்மையாகவும் சொரசொரப்பாகவும் உறைந்து, சறுக்குகிறவனின் இரும்பு விளிம்பைப் பிடித்து இழுத்துவிடும். முந்திய நாள் ஆட்டத்தில் விழுந்த வெடிப்புகளில், பனியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி அடைக்க வேண்டும். சூரியன் மறைந்து குளிர் ஏறிய பிறகே தண்ணீர். ஒரு படலம் முற்றும் இறுகும் வரை அடுத்த படலத்துக்குக் காத்திருக்க வேண்டும். லேயில் நடுக்குளிர்காலத்தில் வீட்டுக் குழாய்களே உறைந்துவிடும் என்பதால், தண்ணீர் கொண்டு வருவதே ஒரு பிரயாசை. இவ்வாறு பல இரவுகள் உழைத்துச் செய்த தளத்தின் மேல், மறுநாள் நடுப்பகல் வெயில் ஏறினால் மேற்பரப்பு கசியத் தொடங்கும். ஆகையால் ஆட்டம் காலையில், அல்லது வெயில் தாழ்ந்தபின். அமெரிக்காவில் பிராங்க் ஸாம்போனி என்பவர் 1949-ல் செய்து முடித்த இயந்திரம் இந்த வேலையைச் சில நிமிஷங்களில் முடித்து வருகிறது. லே நகரத்தில் அதைப் பல வருஷங்களாகச் செய்து வந்தவை கைகள்தாம். ஆடுகிறவனே தளம் போடுகிறவனாக இருந்ததினால், அங்கே ‘நம் குளம்’ என்று சொல்லுகிற அபிமானம் ஒரு வெறும் பேச்சாக இல்லாமல், உரிமையாகவே அமைந்தது.

சிம்லாவின் கதை வேறு. அங்கே 1920-ல், பிளெஸ்ஸிங்டன் என்ற ஐரிஷ்காரர், தமது டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் இரவில் உறைந்து கிடந்ததைக் கண்டு, அதையே சறுக்கு மைதானமாக்கினார் என்பது வரலாறு. ஆசியாவின் பழைமையான இயற்கைத் தளங்களுள் ஒன்றாக அது இன்றும் நடந்து வருகிறது. ஆளுகிறவர்களின் கேளிக்கையாகத் தொடங்கிய அந்த ஸ்தாபனத்துக்கு, கிளப் என்பதற்குரிய அங்கத்தினர் புத்தகமும் சந்தாவும் கட்டடமும் இருந்தன. லேயில் ஆட்டம் முதலில் வந்தது. ஸ்தாபனம் பின்னால் வந்தது. 1985-ல் லடாக் குளிர்கால விளையாட்டுக் கிளப் அமைந்தபோது, குளத்தில் ஆடத் தொடங்கி பத்து வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தன. 1989-ல் இந்திய ஐஸ் ஹாக்கிச் சங்கம் சர்வதேச சம்மேளனத்தில் அங்கத்துவம் பெற்றது. காகிதத்தில் இந்தியா உலக அரங்கில் ஏறிவிட்டது. ஆனால் முதல் சர்வதேசப் பந்தயத்தை இந்திய அணி ஆடுவதற்கு மேலும் இருபது வருஷங்கள் கழிய வேண்டியிருந்தது.

அந்த இருபது வருஷங்களில் ஆட்டம் லே நகரத்திலிருந்து பள்ளத்தாக்குகளுக்குப் பரவியது. திராஸிலும் சிக்தனிலும் கிராமத்துப் பையன்கள் தத்தம் ஓடைக்கரையில் தளம் போட்டார்கள். இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படை தனக்கென ஓர் அணி வைத்துக்கொண்டது. லே ஆட்களுக்கும் கார்கில் ஆட்களுக்கும் ஆரோக்கியமான போட்டி மூண்டது. பௌத்தரும் முஸ்லிம்களும் ஒரே அணியில் ஆடினார்கள். காலப்போக்கில் ஒரு காலணி அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்கும் போயிற்று. கால் சிறியதாயிருந்தால் உள்ளே துணி திணித்துக்கொள்வதே வழக்கம். 2009-ல் அபுதாபியில் நடந்த ஆசியச் சவால் கோப்பைக்கு முதல் முறையாக இந்திய ஆண்கள் அணி போனபோது, கூரையிட்ட, இயந்திரத்தால் உறையவைத்த, கண்ணாடிபோல் சமமான முழு அளவுத் தளத்தில் அவர்களில் பலர் அதற்கு முன் நின்றதில்லை. குளத்தில் வட்டு கரையோரப் பனியில் புதைந்தால் ஆட்டம் நிற்கும், எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இங்கேயோ சுற்றிலும் பலகைச் சுவர், அதில் மோதி வட்டு திரும்பி வரும், ஆட்டம் நிற்பதே இல்லை. தோற்றார்கள். மூன்று வருஷங்கள் கழித்து, 2012-ல், தேராதூனில் மக்காவ் அணியை வென்று தங்கள் முதல் வெற்றியைக் கண்டார்கள்.

பெண்களின் கதைக்கு வருகிறேன்; இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் நெகிழவைக்கும் பகுதி இதுவே. லேயை அடுத்த பே கிராமத்தில், சிந்து நதிக்கரையில், 1988-ல் தொடங்கிய செக்மோல் என்ற கல்வி இயக்கம் பரீட்சையில் தவறிய மாணவர்களுக்கென நடத்திவந்த பள்ளி வளாகத்தில், பெண்பிள்ளைகளுக்கும் ஆட்டம் கற்பிக்கப்பட்டது. நகரத்திலோ குளம் ஒன்று, அது உறைந்திருப்பது இரண்டு மாதம், ஆட வேண்டியவர்கள் ஏராளம். தங்களுக்கென்று தளத்தில் நேரம் கேட்டுப் பெறுவதே பெரும் போராட்டமாயிருந்ததென அந்தப் பெண்கள் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் கழித்துப்போட்ட காலணியும் கவசமுமே அவர்களுக்கு வந்தன. 2016-ல் தைபேயில் நடந்த போட்டிக்கு முதன்முதலாக இந்தியப் பெண்கள் அணி ஒன்று புறப்பட்டது, வெற்றி கிட்டவில்லை. அடுத்த வருஷம் பாங்காக் செல்லப் பணமில்லாமல் பொதுஜனங்களிடம் நன்கொடை கேட்டார்கள். முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானவர்கள் சிறுசிறு தொகைகளாகக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் போய், 2017 மார்ச்சில், பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்றார்கள். ஒரு கோல் வித்தியாசம். லீபாயாவில் பல்கேரியப் பெண்கள் போட்ட அந்தத் தனிக் கோலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நான்காவது கோலும் கூடவே நினைவுக்கு வருகிறது. ஒன்று தோல்வியில் முடிந்தது, மற்றது வெற்றியில் முடிந்தது, ஆனால் இரண்டுக்கும் பின்னாலிருந்த உழைப்பில் எனக்கு வேற்றுமை தெரியவில்லை.

2018 ஜனவரியில், நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்ற கனடிய வீராங்கனை ஹெய்லி விக்கன்ஹைஸர், மூட்டை மூட்டையாக ஆட்டக் கருவிகளுடன் லேவுக்கு வந்து, அந்தப் பெண்களோடு தளத்தில் இறங்கி ஆடினார்; பின்னர் அவர்களைக் கனடாவுக்கும் அழைத்துக்கொண்டார். 2025-ல் அல்-அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். இந்த அணியின் கோல்கீப்பராக நெடுநாள் நின்ற நூர் ஜஹான், தொழிலால் பழங்கால ஓவியங்களைப் பாதுகாப்பவர். லடாக்கின் பௌத்த ஆலயங்களில் நூற்றாண்டுகளாகப் புகையேறி, மழையில் கரைந்து, செதில் செதிலாய் உதிரும் சுவரோவியங்களை, ஒரு சிறு தூரிகையும் பொறுமையும் கொண்டு அங்குலம் அங்குலமாக மீட்கும் வேலை அவருடையது. ‘ஷெஸ்ரிக் லடாக்’ என்ற நிறுவனத்தை உறவுப் பெண் ஒருவருடன் சேர்ந்து அதற்கென நடத்தி வருகிறார். கோடையில் போதிசத்துவரின் முகத்திலிருந்து புகைக்கரியை நீக்கும் அதே கை, குளிர்காலத்தில் பாய்ந்து வரும் ரப்பர் வட்டைத் தடுக்கிறது. விளையாட்டையே ஜீவனமாகக் கொண்டவர்களிடம் இத்தகைய வாழ்க்கையைக் காண்பது அரிது. ஓர் ஊரின் ஓவியத்தையும் அதே ஊரின் ஆட்டத்தையும் ஒருவரே காத்து நிற்கும் இந்த நிலையை, கிளப் விளையாட்டின் மிக உயர்ந்த பலன் என்று நான் கருதுகிறேன்.

இப்போது பணமும் வரத் தொடங்கியிருக்கிறது. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் நிறுவனம், கோடையில் தன் வண்டிகள் ஏறிச்செல்லும் அந்த மலைகளுக்குக் குளிர்காலத்தில் செய்யும் கைம்மாறாகப் போலும், 2024-ல் லேயில் ஐஸ் ஹாக்கி லீக் ஒன்றைத் தொடங்கி, ஆண் பெண் இருபாலருக்கும் பந்தயங்கள் நடத்தி வருகிறது. அதே வருஷம் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் ஒரு பகுதி லேயில் நடந்து, நவாங் தோர்ஜன் ஸ்தோப்தன் விளையாட்டரங்கில் ஐஸ் ஹாக்கிப் பந்தயங்கள் ஆடப்பட்டன. 2025 ஜனவரியில் அங்கே நடந்த ஐஸ் சறுக்குப் பந்தயங்களில் பதக்கம் பெற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? சிமெண்டுத் தரையில் சக்கரக் காலணியோடு பழகிய நம் பிள்ளைகள், சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்பு விளிம்பைக் கட்டிக்கொண்டு வென்று வந்திருக்கிறார்கள்.

பணம் வருவது நல்லதே. அது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதில்தான் எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு. பெரிய அரங்கம் ஒன்றை எழுப்பி, இயந்திரத்தால் உறையவைத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்குத் தேர்ந்த பயிற்சி கொடுத்து, ஒலிம்பிக்கை நோக்கி அனுப்புவது ஒரு வழி. அதற்கும் அவசியம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டு மாதம் மட்டும் ஆடுகிறவர்கள் வருஷம் முழுவதும் ஆடுகிறவர்களோடு மோதுவது நியாயமான போட்டியாகாது. ஆனால் கிராமத்துக் குளங்களைக் கைவிட்டு அந்த அரங்கத்தை எழுப்புவார்களானால், வேரை வெட்டிவிட்டுப் பழத்துக்குக் காத்திருந்தது போலாகும். சிக்தனில் இருபது சிறுவர்களுக்கு அளவான காலணி கிடைப்பது, லேயில் இருநூறு நாற்காலிகள் கூடுதலாகப் போடப்படுவதைவிட முந்திய தேவை. அரங்கத்தின் சாவி ஓர் அதிகாரியிடம் இருக்கும். குளத்துக்குச் சாவி கிடையாது.

குளங்களுக்கு வேறொரு ஆபத்தும் நெருங்கியிருக்கிறது. இமயத்தின் பனியாறுகள் பின்வாங்குகின்றன. குளிர்காலம் தாமதமாக வந்து சீக்கிரம் விடைபெறுகிறது. சிம்லாவில் சறுக்குகிற நாட்கள் குறைந்து வருவது பல வருஷங்களாகவே பேசப்படும் விஷயம். லடாக்கியர் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சேவாங் நோர்பெல் என்ற பொறியாளர் 1980-களிலேயே ஓடைநீரைக் குளிர்காலத்தில் தடுத்து உறையவைத்து, விதைப்புக் காலத்தில் உருகிப் பாயும்படி செயற்கைப் பனியாறுகளை அமைத்துக் காட்டினார். செக்மோலை நிறுவியவர்களில் ஒருவரான சோனம் வாங்சுக், அதே நீரைக் கூம்பு வடிவத்தில் உறையவைக்கும் ஐஸ் ஸ்தூபிகளை எழுப்பினார். இரவின் குளிரைப் பிடித்துவைத்துப் பகலின் தேவைக்குப் பயன்படுத்தும் இந்த வித்தையும், கர்சூ குளத்தில் படலம் படலமாகத் தண்ணீர் ஊற்றியவர்களின் வித்தையும் ஒரே அறிவிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. வயலுக்கு நீர் வேண்டி வளர்த்த அறிவு விளையாட்டுக்கு உதவியதா, விளையாட்டில் பெற்ற கைப்பழக்கம் வயலுக்குப் போயிற்றா என்று பிரித்துச் சொல்ல அங்கேயுள்ள முதியவர்களால் மட்டுமே முடியும்.

அவர்களிடம் யாராவது கேட்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. 1970-களின் தொடக்கத்தில் இருபது வயதில் அந்தக் குளத்தில் ஆடியவர்களுக்கு இன்று எழுபதைக் கடந்திருக்கும். இத்தகைய கிளப்புகளின் சரித்திரத்தை எழுதுவதற்குக் கோல் கணக்கு அதிகம் உதவாது. முதல் பூட்சுக்குத் தகடு அடித்துக் கொடுத்த கொல்லர் யார், இரவில் தண்ணீர் சுமந்தவர்கள் எந்த ஊற்றிலிருந்து சுமந்தார்கள், எந்த வருஷம் ஐஸ் பிடிக்காமல் பந்தயம் நின்றது, எந்தத் தாய் முதன்முதலில் தன் மகளைத் தளத்துக்குப் போக அனுமதித்தாள், இவையே அந்தச் சரித்திரத்தின் அத்தியாயங்கள். இவை எந்தச் சம்மேளனத்தின் பேரேட்டிலும் இல்லை. நம் பக்கத்திலும் இதே கதைதான். பொங்கலுக்குப் பொங்கல் கைப்பந்துப் போட்டி நடத்திய இளைஞர் மன்றங்கள் ஜவ்வாது மலையடிவாரத்தில் எத்தனையோ இருந்தன. வலைக்கம்பம் நட்ட இடத்தில் இன்று வீடுகள் எழும்பிவிட்டன, வசூல் நோட்டுகள் கரையானுக்குப் போயின, முதல் பரிசுக்கு ஆட்டுக்கிடாய் கொடுத்தவரின் பெயர்கூட இப்போது இருவேறு விதமாகச் சொல்லப்படுகிறது. நம் மன்றங்களின் கதையை நாமே எழுதிவைக்கத் தவறியவர்கள் என்பதனால்தான், தூரத்து லடாக்கின் கதையாவது தப்பிப் பிழைக்க வேண்டுமென்று நான் ஆசைப்படுகிறேன்.

எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினரின் தகரப் பெட்டியில், சீருடைப் பொத்தான்களுக்கும் ஓய்வூதியக் காகிதங்களுக்கும் இடையே, ஓரம் மஞ்சளித்த ஒரு புகைப்படம் இருக்கிறது. உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் துடைப்பம், ஒருவர் காலில் வெள்ளைக் கால்கவசம், பின்னால் மரமற்ற மலை. பின்புறத்தில் எதுவும் எழுதப்படவில்லை. அது எந்த வருஷம் என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை; கான்வாயில் தம்முடன் வந்த செய்யாற்று நண்பருக்குத் தெரிந்திருக்கலாம் என்கிறார். போளூரிலும் ஆரணியிலும் செய்யாற்றிலும் கம்மவான்பேட்டையிலும் லே, கார்கில், திராஸ் பக்கங்களில் பணியாற்றித் திரும்பியவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், தங்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, அத்தகைய படம் ஏதாவது இருந்தால், அதில் நிற்பவர்களின் பெயரும் வருஷமும் நினைவிருக்கும் வரையில் பின்புறத்தில் பென்சிலால் குறித்து, ஒரு பிரதியை லேயிலுள்ள குளிர்கால விளையாட்டுக் கிளப்புக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.